இராமாநுஜன் தவறவிட்ட எண்

கணித மேதை சீனிவாச இராமாநுஜன் பெயரைக் கேட்டவுடன் 1729 என்னும் எண்ணையே பலரும் நினைவுகூர்வர். இரு கன எண்களின் கூட்டாக இரு வகையில் அமையும் எண்களுள் அதுவே மிகச் சிறியது என்று, நோயுற்றுக் கிடந்த நிலையிலும் அவர் பேராசிரியர் ஹார்டிக்கு எடுத்துரைத்த செய்தியைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அச்செய்தி மெய்யே. ஆயினும் அதனையே திரும்பத் திரும்பச் சொல்லி, நினைத்த மாத்திரத்தில் விடை கூறும் ஒரு சித்தராக அவரை ஆக்கிவிட்டோம். அவருடைய உழைப்பைக் காட்டுவது வேறோர் எண்.

1887 டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் அவர். கணிதமொன்றிலேயே மூழ்கியமையாற் கல்லூரித் தேர்வுகளில் தோற்றார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்கு எழுத்தராயமர்ந்தார். மறு ஆண்டு ஹார்டிக்கு வரைந்த மடல், 1914இல் அவரைக் கேம்பிரிட்ஜில் கொண்டு சேர்த்தது. அங்கிருந்து 1915இல் அவர் வெளியிட்ட பெருங்கட்டுரை, காரணிகள் மிகுந்த எண்களைப் பற்றியது.

அவை எத்தகைய எண்கள் என்பதை நம் சப்பிரகமுவத் தோட்டப் பாடசாலை முற்றத்திலேயே விளக்கிக் காட்டலாம். 60 பிள்ளைகளை இரண்டிரண்டாகவோ மும்மூன்றாகவோ நந்நான்காகவோ ஐவைந்தாகவோ நிறுத்தினால் ஒரு பிள்ளையும் மிஞ்சாது. இன்னுமொரு பிள்ளை வந்து சேர்ந்துவிட்டாலோ, ஒற்றை வரிசையன்றி வேறு வழியில்லை. 60க்குக் காரணிகள் 12. அதனிற் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை காரணிகள் இல்லை. நம் முன்னோர் நாளொன்றை 60 நாழிகையாகப் பகுத்தமையின் வசதியும் இதனாற் புலப்படும்.

இவ்வாறு தமக்கு முன்னுள்ள எண்களையெல்லாம் காரணித் தொகையால் வெல்லும் எண்களை இராமாநுஜன் அட்டவணைப்படுத்தினார். அவ்வட்டவணை 6746328388800 வரை செல்கிறது. ஏறத்தாழ ஆறே முக்கால் இலட்சம் கோடி! அதற்குக் காரணிகள் 10080. கணிப்பொறி தோன்றாத காலத்தில் இத்தனையும் தாளிற் செய்த வேலை.

அதில் ஓர் எண் விடுபட்டுப்போயிற்று. 293318625600 என்பது அது. அதற்குக் காரணிகள் 5040. பிளேட்டோ தம் கற்பனை நகருக்கு வகுத்த குடிகளின் தொகையும் 5040 என்பதும், அத்தொகை தானும் இவ்வகை எண்களுள் ஒன்றென்பதும் சுவையான தற்செயல்கள்.

இவ்விடுபாட்டை நான் குறையாகக் கருதவில்லை. நாமகிரித் தாயாரிடம் அவர் கொண்டிருந்த பக்தியையும் மறுக்கவில்லை. ஆனால் எல்லாம் அருளால் வந்து வாய்த்தன என்று மாணவர்க்குச் சொல்வோர், அந்த நீண்ட அட்டவணையை ஒருமுறை பார்த்தல் வேண்டும். ஒவ்வொன்றாகத் தேடிக் கணக்கிட்டவருக்கே இத்தகைய ஒன்று தவறிப்போகும்.

அக்கட்டுரையின் பொருட்டு 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் வழங்கிற்று. போர்க்காலப் பணமுடையால் இலண்டன் கணிதக் கழகம் கட்டுரை முழுவதையும் அச்சிடவில்லை. எஞ்சிய பகுதி ஆய்விதழொன்றில் ஏறியது 1997இலேதான். 1918இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1919இல் நலிந்த உடலோடு தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26இல், தம் 32ஆம் வயதில், சென்னையில் மறைந்தார்.

விடுபட்ட அந்த எண்ணை 23ஆற் பெருக்கினால், அட்டவணையின் இறுதி எண்ணே விடையாக வரும். மாணவர்கள் பென்சிலை எடுத்துப் பெருக்கிப் பார்க்கலாம்.