மேரி மொன்ரேகு அம்மையார்

எமது பெரியோர் பலரின் புயத்தில், சிறுவயதில் அம்மைப்பால் கட்டிய தழும்பை இன்றும் காணலாம். பெரியம்மைக்காக இட்ட அத்தழும்பு இளைஞரிடம் இல்லை. இயற்கையாய்ப் பரவிய அந்நோய் 1977ஆம் ஆண்டில் சோமாலியாவில் கண்ட கடைசி நோயாளியோடு நின்றது. 1980ஆம் ஆண்டில் உலக சுகாதார தாபனம் அது ஒழிந்ததெனப் பிரகடனஞ் செய்தது. இப்பெரும் பேற்றுக்கு வழிதிறந்தோருள் ஒருவர் மேரி வோட்லி மொன்ரேகு அம்மையார். அவர் வைத்தியரல்லர், ஒரு தாய்.

1689ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிரபு குடும்பத்திற் பிறந்த மேரி, தந்தையாரின் நூல்நிலையத்தில் இருந்து தாமாகவே இலத்தீன் மொழியைக் கற்றார். 1712ஆம் ஆண்டில் தந்தையாரின் விருப்பத்தை மீறி எட்வேட் வோட்லி மொன்ரேகு என்பவரை மணந்தார். அடுத்த ஆண்டில் அவருடைய ஒரே சகோதரனைப் பெரியம்மை கொண்டுபோயிற்று. 1715ஆம் ஆண்டு முடிவில் அந்நோய் அவரையும் பற்றியது. உயிர் தப்பினார்; ஆயினும் பலரும் வியந்த முகம் வடுக்கொண்டது; இமை மயிர்களும் உதிர்ந்தன.

கணவர் துருக்கி நாட்டுக்குத் தூதுவராக நியமிக்கப்பட, அம்மையாரும் 1717ஆம் ஆண்டில் அங்கு சென்றார். அங்கே அவர் கண்ட வழக்கம் ஒன்று அவரை வியப்பில் ஆழ்த்தியது. வெயில் தணியும் செப்டெம்பர் மாதத்தில் பதினைந்து பதினாறு பேர் ஒரு வீட்டிற் கூடுவர். வயோதிபப் பெண் ஒருத்தி, இலேசாக அம்மை கண்டவரின் கொப்புளத்து நீரைக் கொட்டையோடு ஒன்றில் கொண்டுவந்து, ஊசியால் தோலைக் கீறி அதிற் சிறிது வைத்துக் கட்டுவாள். எட்டாம் நாளளவில் காய்ச்சல் வரும். சில கொப்புளங்கள் தோன்றி ஆறும். அதன்பின் அவர்களைப் பெரியம்மை அணுகுவதில்லை. சீனத்திலும் வங்காளத்திலும் ஆபிரிக்காவிலும் இதனையொத்த முறைகள் வழங்கின.

எழுத்தறியாக் கிழவியின் கைவேலையென அம்மையார் இதனை இகழவில்லை. 1718ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கணவர் அயலிடம் சென்றிருந்த வேளையில், ஐந்து வயதும் நிரம்பாத தம் மகனுக்கு இதனைச் செய்வித்தார். ஒரு கையில் கிரேக்கக் கிழவி துருவேறிய ஊசியாற் கீறினாள். மறுகையில் தூதரக வைத்தியர் மெயிற்லண்ட் தமது கத்தியாற் கீறினார். பிள்ளை சுகமடைந்தான். கைக்குழந்தையான மகளுக்கோ அவர் செய்விக்கவில்லை. குழந்தையின் செவிலிக்கு அம்மை முன்பு வந்ததில்லை. குழந்தையிடமிருந்து அவளுக்குத் தொற்றக்கூடும் என்பதே காரணம். தம் பிள்ளையின் நலத்துக்காக ஏழை ஒருத்தியின் உயிரைப் பணயம் வைக்க அவர் மனம் இசையவில்லை.

1721ஆம் ஆண்டில் இலண்டனில் பெரியம்மை மூண்டபோது, அரண்மனை வைத்தியர் பார்த்திருக்க, மூன்று வயது மகளுக்கும் அதனைச் செய்வித்தார். இங்கிலாந்தில் வைத்தியர் ஒருவர் இம்முறையைக் கையாண்டது அதுவே முதற்றடவை. பின்னர் நியூகேற் சிறையில் மரணதண்டனை பெற்ற அறுவருக்கு, விடுதலை தருவதாகக் கூறிச் செய்து பார்த்தனர், அறுவரும் பிழைத்தனர். 1722ஆம் ஆண்டில் கரோலின் இளவரசியின் புதல்வியர் இருவருக்கும் செய்யப்பட்டது. வைத்தியர் பலர் எதிர்த்தனர். கடவுளின் சித்தத்துக்கு மாறானதெனக் குருமார் சிலர் பிரசங்கித்தனர்.

இம்முறை ஆபத்தற்றதன்று என்பதையும் நாம் மறைத்தலாகாது. அக்காலத்து ஆங்கில வைத்தியர் யூரின் திரட்டிய கணக்கின்படி, தானாக அம்மை கண்டவருள் ஆறேழு பேருக்கு ஒருவர் இறந்தனர். கீறி வைத்துக்கொண்டவருள் ஏறக்குறைய ஐம்பது பேருக்கு ஒருவர் இறந்தனர். அவர்களிடமிருந்து நோய் பிறருக்குப் பரவவும் கூடியதாயிருந்தது. அம்மையார் 1762ஆம் ஆண்டில் காலமானார். சிறுவயதில் இப்பழைய முறைக்கு உட்பட்ட எட்வேட் ஜென்னரே, 1796ஆம் ஆண்டில் பசுவின் அம்மையைக் கொண்டு ஆபத்துக் குறைந்த வழியைக் காட்டினார். 1840ஆம் ஆண்டில் ஆங்கிலப் பாராளுமன்றம் பழைய முறையைத் தடைசெய்தது.

இளைஞர்களே, அம்மையார் எதனையும் புதிதாகக் கண்டுபிடித்தாரல்லர். எளியோரிடமிருந்த அறிவைப் பணிந்து கேட்டார். ஊருக்குச் சொல்லுமுன் தம் வீட்டிற் செய்து காட்டினார். சேவை செய்யப் புகும் எமக்கு இவ்விரண்டும் வேண்டும். பெரியோரின் புயத்திலுள்ள தழும்பைக் காணும்போதெல்லாம் அத்தாயையும் பெயரறியாத அக்கிழவியையும் நாம் நினைவு கூர்வோமாக.