பணியாத சாக்ரடீஸ்

கிரேக்க நாட்டு ஏதென்ஸ் நகரில் பிறந்தவர் சாக்ரடீஸ். தந்தை சிற்பி, தாய் மருத்துவச்சி. தெருவில் நின்று கேள்வி கேட்டே புகழ் பெற்ற ஞானி அவர். அவருக்கு இரண்டு முறை பெரிய சோதனை வந்தது.

கி.மு. 406. கடற்போரில் ஏதென்ஸ் வென்றது. ஆனால், கப்பல் உடைந்து கடலில் தத்தளித்த வீரர்களைப் புயலால் மீட்க முடியவில்லை. ஊர் கொதித்தது. 8 தளபதிகளுக்கும் ஒரே தீர்ப்பாக மரண தண்டனை கொடுக்க வேண்டும் என்று மக்கள் சபை கூச்சலிட்டது.

அது சட்டத்துக்கு விரோதம். சபையை நடத்திய 50 பேர் குழுவில் சிலர் முதலில் மறுத்தனர். அவர்களையும் கூண்டில் ஏற்றுவோம் என்று மிரட்டல் வந்தது. எல்லோரும் பணிந்தார்கள். சாக்ரடீஸ் மட்டும் பணியவில்லை. ஆயினும், ஊரில் இருந்த 6 தளபதிகளும் கொல்லப்பட்டனர். கோபம் தணிந்ததும் அதே மக்கள் வருந்தினார்கள். போன உயிர்கள் வரவில்லை.

கி.மு. 404. முப்பது கொடுங்கோலர்களின் ஆட்சி. சலாமிஸ் தீவில் இருந்த லியோன் என்ற நிரபராதியைப் பிடித்து வரும்படி சாக்ரடீஸ் உள்பட 5 பேருக்கு உத்தரவு. இப்படிப் பலரையும் தங்கள் பாவத்தில் பங்காளிகள் ஆக்குவது அவர்கள் தந்திரம். 4 பேர் சலாமிசுக்குப் போனார்கள். சாக்ரடீஸ் வீட்டுக்குப் போனார். அந்த ஆட்சி விரைவில் கவிழ்ந்ததால் தலை தப்பியது.

கி.மு. 399. இளைஞர்களைக் கெடுத்தார் என்றும், ஊர்த் தெய்வங்களை மதிக்கவில்லை என்றும் வழக்கு. மரண தண்டனை. சிறையிலிருந்து தப்ப நண்பர்கள் வழி செய்தனர். அவர் மறுத்துவிட்டார். கூட்டத்துக்கும் கொடுங்கோலுக்கும் பணியாதவர், சட்டத்துக்குப் பணிந்தார். 70-வது வயதில், கலங்காமல் நஞ்சைக் குடித்தார்.