ஜெஃப் ராஸ்கின்

உலகம் போற்றும் பேரறிஞர் அனைவரும் பெரும் பொறிகளை ஆக்கியவர் அல்லர். சிறு செயலொன்றைப் பலர்க்கும் எளிதாக்கியதனாற் புகழ் எய்தினாரும் உளர். கணிப்பொறித் திரையில் ஒரு பொருளைச் சுட்டியாற் பற்றி இழுத்து, வேண்டிய இடத்தில் விடும் முறைக்கு வித்திட்டோருள் ஒருவராகிய ஜெஃப் ராஸ்கின் அத்தகையவர். நம்மிற் பலர் பிறக்குமுன்னரே மறைந்த அப்பெரியாரின் சரிதையை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பிறப்பும் கல்வியும்

இவர் 1943ஆம் ஆண்டு மார்ச்சு 9ஆம் நாள் நியூயார்க் நகரிற் பிறந்தார். இளமையிற் கணிதம், இயற்பியல், தத்துவம், இசை ஆகிய பல துறைகளிலும் உள்ளஞ் செலுத்தினார். பின்னர்ப் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக் கழகத்திற் கணிப்பொறியியல் கற்று, 1967இல் முதுநிலைப் பட்டம் பெற்றார். எழுத்துகளை வரிசைப்படக் காட்டுதலே திரையின் தொழில் என்று பலரும் எண்ணியிருந்த அந்நாளில், திரை முழுவதையும் புள்ளிகளாலாய ஓவியப் பரப்பாகக் கொள்ளல் வேண்டும் என்பது இவர் கொள்கை. சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தில் ஆசிரியராய் அமர்ந்து, கலை பயிலும் மாணவர்க்கும் கணிப்பொறி பழக்கினார். பொறியைக் கண்டு அஞ்சுவோரின் இடர் இவருக்கு நன்கு விளங்கியது இவ்வாறே என்னலாம்.

மாக்கின்டாஷ்

1978இல் ஆப்பிள் நிறுவனத்திற் சேர்ந்த ராஸ்கின், அடுத்த ஆண்டிலேயே பொதுமக்கள் கையாளத்தக்க மலிவான கணிப்பொறி ஒன்றை உருவாக்கும் பணியைத் தொடங்கினார். தமக்கு விருப்பமான ஆப்பிள் கனிவகையின் பெயரையே அதற்கு இட்டார். அக்காலத்தே ஜெராக்ஸ் நிறுவனத்தார் ஆக்கிய பொறியில், ஒரு பொருளை இடம் மாற்ற வேண்டின், முதலில் அதனைத் தேர்ந்து, பின் கட்டளை விசையை அழுத்தி, அதன்பின் சேருமிடத்தைச் சுட்டல் வேண்டும். பொத்தானை அழுத்தியவாறே இழுத்துச் சென்று விடுவது இதனினும் இயல்பானது என்று ராஸ்கின் வற்புறுத்தினார்.

இதனை நம் நாட்டு உவமையால் விளக்குவாம். இராஜபாளையத்தை அடுத்த தளவாய்புரத்தில் ஆயத்த ஆடை தைப்போர், வெட்டுமாதிரியைத் துணியின்மேல் இங்குமங்கும் நகர்த்தி, துணி வீணாகாத இடங் கண்ட பின்னரே கத்தரியை எடுப்பர். நகர்த்துங்கால் கண்ணும் கையும் ஒன்றியிருத்தலிற் பிழை குறையும். கத்தரி படுமுன் மனத்தை மாற்றிக்கொள்ளவும் கூடும். திரையிலும் அங்ஙனமே, பொத்தானை விடுங்காறும் முடிவு நம் கையிலேயே உளது.

இடையூறும் உறுதியும்

ஆயினும் தாம் தொடங்கிய பணியைத் தாமே முடிக்கும் பேறு இவருக்கு வாய்க்கவில்லை. 1981இல் அப்பணியின் தலைமை ஸ்டீவ் ஜாப்ஸ் வசமாயிற்று; 1982இல் ராஸ்கின் நிறுவனத்தை விட்டகன்றார். 1984ஆம் ஆண்டு சனவரி 24ஆம் நாள் வெளிவந்த மாக்கின்டாஷின் விலை 2,495 டாலர். மலிவான பொறி என்ற இவர் கனவுக்கு அது பெரிதும் எட்டாததே. இவர் மனந்தளர்ந்தாரல்லர். 1987இல் கேனன் நிறுவனத்தின் வாயிலாகக் கேட் என்னும் புதுப்பொறியை அளித்தார். அதிற் சுட்டியே இல்லை! விசைப்பலகையினின்று கையை எடாது எழுதுதலே விரைவு என்று தோன்றியபொழுது, தாம் வளர்த்த முறையையும் ஒதுக்கத் துணிந்தமை இவரது நடுவுநிலைமைக்குச் சான்றாம்.

அவர் விட்டுச் சென்ற நெறி

2000இல் வெளியிட்ட நூலில், மனிதன் செய்த வேலைக்குப் பொறி தீங்கிழைத்தல் ஆகாது, தீங்கு நேர வாளாவிருத்தலும் ஆகாது என்னும் கருத்தை நிறுவினார். இன்றைய வலைப்பக்கங்களுக்கு இந்நெறி எத்துணை இன்றியமையாதது! வலைப்பக்கத்தின் பெரும்பகுதி, தன்மேல் விடப்படும் பொருளை இயல்பில் ஏற்பதில்லை. பக்கத்தை ஆக்குவோன் அம்மறுப்பை நீக்கினாலன்றி இழுத்தது அங்குச் சேராது. மற்று, கோப்பொன்றைக் குறித்த கட்டத்திற்குப் புறத்தே தவறி விட்டால், உலாவி அப்பக்கத்தை அகற்றி அக்கோப்பையே திறந்துவிடுதலும் உண்டு. விண்ணப்பத்தை வருந்தி நிரப்பிய ஏழை மாணவனின் உழைப்பு ஒரு நொடியில் அழியும். ஆதலின், ஏற்குமிடத்தை நிறத்தால் விளங்கக் காட்டுதலும், ஏனைய இடங்களிற் கோப்புத் திறவாது தடுத்தலும் ஆக்குவோன் கடமையாம்.

நடுங்கும் கையினர் பொத்தானை அழுத்தியவாறே இழுத்தல் அரிது. அன்னார் பொருட்டு, இழுக்காமலே சுட்டி நகர்த்தும் மாற்றுவழி வேண்டும் என்று, 2023 அக்டோபரில் வெளிவந்த உலகளாவிய வலையமைப்பு நெறிமுறையின் 2.2ஆம் பதிப்பு விதித்தது. மாற்றம் வேண்டின் தம் முறையையும் ஒதுக்கிய ராஸ்கின் இதனைக் கண்டிருப்பின் மகிழ்ந்திருப்பார் என்பது எம் துணிபு.

ராஸ்கின் 2005ஆம் ஆண்டு பெப்ருவரி 26ஆம் நாள், கணையப் புற்றுநோயால், தமது 61ஆம் வயதிற் காலமானார். கல்வியாற் பெறும் ஆற்றலை எளியார்க்கு இடறலாக்காது ஊன்றுகோலாக்குதலே கற்றதன் பயன் என்பதை அவர் சரிதை நமக்கு உணர்த்துகின்றது. நாளை பொறிகளை ஆக்கப்போகும் நம் கல்லூரித் தோழர்கள் இதனை மறவாதிருக்க இறைவன் அருள்புரிவானாக.