தஞ்சைச் சுவார்ட்சு ஐயரின் அந்தியகாலம்

ஆரணி என்றவுடன் பட்டுச்சேலையே யாவர்க்கும் நினைவிற்கு வரும். கமண்டல நாகநதிக் கரையிலுள்ள அவ்வூரில், விடியற்காலையிலே தெருவின் நீளத்துக்குப் பாவு நீட்டி இழை திருத்துவோரைக் கண்டு வளர்ந்த நாம், அங்கே ஒரு காலத்தில் பீரங்கி முழங்கிற்றென்பதைச் சரித்திர நூல்களைக் கற்ற பின்னரே அறிந்தோம். 1782ஆம் ஆண்டு ஜூன் மாதம் 2ந் தேதி ஹைதர் அலியின் சேனைக்கும் சர் அயர் கூட்டின் சேனைக்கும் ஆரணியண்டைப் போர் நடந்தது. ஹைதர் தம் படைக்கு வேண்டிய பொருள்களை ஆரணிக் கோட்டையிலே சேமித்து வைத்திருந்தமையே அதற்குக் காரணம். கூட்டின் கைக்குக் கோட்டையும் அகப்படவில்லை. நாட்டிற்குச் சமாதானமும் வரவில்லை. குடிகள் பட்ட பாடே மிச்சம்.

இப்பெரும்போர் மூளாதிருத்தல் வேண்டுமென்று, அதற்கு மூன்றாண்டு முன்னரே சீரங்கப்பட்டணம் சென்று ஹைதரோடு பேசிய பெரியார் ஒருவர் உண்டு. அவர் படைத்தலைவருமல்லர், மந்திரியுமல்லர். கிறிஸ்டியன் பிரடெரிக் சுவார்ட்சு என்னும் குருவானவர். அவர் போரைத் தடுக்க முயன்ற வரலாற்றைப் பலரும் எழுதியுள்ளனர். அவர் மரணத்தை எதிர்கொண்ட விதத்தையே ஈண்டு முதன்மையாகச் சொல்லப் புகுந்தோம்.

பிரஷிய நாட்டுச் சோனன்பர்க் என்னும் சிற்றூரில் 1726ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அவர் பிறந்தார். அவர் சிறு குழந்தையாயிருந்தபோதே அன்னையார் நோயுற்றுக் கண்மூடினார். தம் மகனைக் கர்த்தருக்கென்று நேர்ந்துவிட்டதாகவும், அவன் குருத்துவ ஊழியத்தை விரும்பின் தடுத்தல் ஆகாதென்றும் அவ்வம்மையார் கணவரிடமும் சபைக் குருவிடமும் சொல்லிவிட்டே மரித்தார். ஒரு மரணப்படுக்கையில் சொல்லிய சொல்லே அவர் வாழ்வுக்கு வழிகாட்டிற்று. ஹாலே நகரத்தில் பயிலுங்கால், தமிழ் வேதாகமத்தை அச்சிடுவதற்கு உதவியாகத் தமிழ் கற்கும்படி அவர் ஏவப்பட்டார். அவ்வச்சுவேலை கைகூடவில்லையாயினும் கற்ற தமிழ் வீண்போகவில்லை. 1750ஆம் ஆண்டில் அவர் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். பின்பு பிறந்த நாட்டிற்கு ஒருமுறையேனும் திரும்பிற்றிலர், மணஞ்செய்து கொள்ளவுமில்லை. தமிழோடு போர்த்துக்கீசியம், பாரசீகம், இந்துஸ்தானி, மராத்தி ஆகிய மொழிகளையும் கற்றார்.

அவருடைய ஊழியத்தின் பெரும்பகுதி சாகிறவர்கள் அருகிலேயே கழிந்ததென்று சொன்னாலும் மிகையாகாது. திருச்சிராப்பள்ளியில் இருந்த காலத்தில், 1764ஆம் ஆண்டு மதுரை முற்றுகையின்போது, பாளையத்திலே காயம்பட்டும் நோயுற்றும் கிடந்த போர்வீரருக்கு அவர் பணிவிடை செய்தார். அதற்காக நவாபு அளித்த பொருளைத் தமக்கென வைத்துக் கொள்ளவில்லை. 1766இல் திருச்சியில் எழுந்த ஆலயத்திற்குச் செலவிட்டார். கையில் வந்த பணத்தை அன்றைக்கே பிறர்க்காக்கிவிடுதல் அவருக்கு இயல்பு. 1779இல் ஹைதர் வழிச்செலவுக்கென்று கொடுத்த முடிப்பும் அவ்வாறே தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்குச் சென்றது.

அந்தத் தூது பலிக்கவில்லை. 1780இல் ஹைதரின் குதிரைப்படை கணவாய்களினின்று இறங்கிக் கருநாடகம் முழுவதும் பரந்தது. ஆயினும் அப்பாதிரியார் எங்குச் சென்றாலும் தடை செய்யலாகாதென்று ஹைதர் தம் அதிகாரிகளுக்குக் கட்டளையிட்டிருந்தார். பகைவனும் ஐயுறாத மனிதராயிருந்தமையைக் காட்ட இதனினும் வேறு சான்று வேண்டுமோ? தஞ்சைக் கோட்டையிலே பஞ்சம் வந்தபோது, குடிகள் நெல் கொண்டுவர மறுத்தனர். முன்னே கொண்டுவந்து ஏமாந்தவர்கள் அவர்கள். அரசர் சொல்லும் கும்பினியார் சொல்லும் செல்லாத இடத்தில் ஐயருடைய சொல் சென்றது. விலைக்குத் தாம் பொறுப்பென்று அவர் எழுதியனுப்பவே, இரண்டொரு நாளில் 1,000 மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல்லும் வந்து சேர்ந்தது. அப்படியிருந்தும் தெருக்களிலே பிணங்கள் கிடந்தன. அந்நாட்களில் அவர் கண்ட சாவுகளுக்குக் கணக்கில்லை.

இனி ஓர் அரசரது மரணம். பிள்ளைகளையெல்லாம் இழந்த துளசா மன்னர் 1787இல் சரபோசி என்னும் பத்து வயதுப் பாலனைச் சுவீகாரம் செய்துகொண்டு, சாகுந்தறுவாயில் ஐயரை வரவழைத்து, இவன் இனி உம் பிள்ளை என்னுங் கருத்துப்பட ஒப்புவித்தார். தாம் காவலராயிருப்பின் அரண்மனையிலே கலகம் விளையும், பிள்ளையின் உயிருக்கும் மோசம் வரும் என்று அஞ்சிய ஐயர், மன்னரின் தம்பி அமரசிங்கிடம் ஒப்புவிக்கச் சொன்னார். நம் எண்ணத்தில் இஃது அவர் வாழ்நாளில் நேர்ந்த பெரும்பிழை. அமரசிங்கு அரசைத் தமதாக்கிக் கொண்டார். சுவீகாரம் செல்லாதென்று சாஸ்திரிகளின் தீர்ப்பும் பெறப்பட்டது. பாலன் கல்வியுமின்றி இருட்டறையிலே அடைபட்டான். ஐயர் தம் பிழையை மறைத்தாரில்லை. கும்பினியாருக்கு ஓயாது எழுதி, பிள்ளையை விடுவித்து, 1793இல் சென்னைக்கு அனுப்பிக் கல்வி பெறச் செய்தார். அங்கே கெரிக்கே ஐயர் அவனுக்குக் கற்பித்தார். அரசுரிமைக்கான வழக்கு மட்டும் ஆண்டுக்கணக்கில் நீண்டது.

இந்நிலையில் 1797ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஐயர் நோயுற்றார். முதலில் சளி, பின்பு காலிலே ஆறாத புண். வயது 71. வலியோ கொடிது; அவர் அதை வலியன்றென்று சொல்லி நடிக்கவில்லை. முனகவும் செய்தார், தம் பாவங்களை நினைந்து மன்னிப்பும் வேண்டினார். தரங்கம்பாடி முதல் திருநெல்வேலி வரையில் சபைகளைப் பெருக்கியவர், தம் 47 ஆண்டு ஊழியத்தைத் தமக்கு ஊன்றுகோலாகக் கொள்ளவில்லை. கிறிஸ்து தமக்காகச் செய்து முடித்தது போதும், அதன்மேல் தாம் சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை என்பதே அவர் சொல்லி வந்ததன் சாரம். இவ்விடத்தில் நம் மனம் நின்றுவிடுகிறது. அவரையொத்த நற்கிரியையாளரே தம் நற்கிரியையை நம்பாராயின், அவருடைய சமாதானம் எங்கிருந்து வந்ததென்பது விளங்குமன்றோ.

எசேக்கியா ராஜா நோயுற்றபோது, தம் ஆயுள் தறியினின்று அறுக்கப்படுகிறதென்று புலம்பிய செய்தி ஏசாயா ஆகமத்தில் வருகின்றது. ஆரணியார் அதைப் படிக்குங்கால் வேறொன்றும் தோன்றும். நெய்பவன் சேலையைத் தறியினின்று அறுப்பது அது முடிந்தபோதே. ஆனால் ஐயருடைய சேலை முடிந்திருந்ததா? சரபோசி இன்னும் அரியணை ஏறவில்லை. தாம் கெடுத்ததைத் தாமே சரிசெய்துவிட்டுச் சாகும் ஆறுதல் அவருக்கு அருளப்படவில்லை. சரபோசி காண வந்தபோது, ஆட்சி கிடைப்பின் நீதியோடு ஆளும்படியும், ஏழைகளையும் கிறிஸ்தவர்களையும் ஆதரிக்கும்படியும், மெய்த்தேவனைத் தேடும்படியும் புத்தி சொல்லி ஆசீர்வதித்தார். முடியாத காரியத்தைக் கர்த்தர் கையில் விட்டுவிட்டுக் கண்மூடுவது, முடித்துவிட்டுக் கண்மூடுவதினும் அரிதென்று நமக்குத் தோன்றுகிறது.

1798ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 13ந் தேதி. கெரிக்கே ஐயரும், பிள்ளையைப்போல் அவர் வளர்த்த கோலாப் ஐயரும், தமிழ் உபதேசிமாரும் சூழ்ந்திருந்தனர். மூச்சு அடங்கிற்று, கண்கள் மூடின, நாடியும் காணவில்லை. முடிந்ததென்றெண்ணிய கெரிக்கே ஐயர், அவருக்கு உகந்த ஞானப்பாட்டு ஒன்றைத் தொடங்கினார். முதலடிகள் சென்றபின், இறந்தவரென்று கருதப்பட்டவரின் உதடுகள் அசைந்தன. அவரும் தெளிந்த குரலிலே உடன் பாடினார் என்பது வழிவழியாய்ச் சொல்லப்பட்டு வரும் செய்தி. அன்று மாலை தமிழ் உபதேசிமாரின் கைகளிலேயே அவர் ஆவி பிரிந்தது.

மறுநாள் அடக்கம். சரபோசி வந்து முகத்தைக் காணுமட்டும் பெட்டி மூடப்படவில்லை. இந்து ராஜகுமாரர் ஒருவர் ஒரு பாதிரியாரின் உடலருகே வாய்விட்டழுது, பொன்னாடை போர்த்தி, கல்லறை வரையிலும் உடன் சென்றதை ஊர் முழுவதும் கண்டது. வழியிலே பாடல் பாடிச் செல்ல எண்ணியிருந்தார்கள். ஏழைகளின் அழுகையொலியில் பாடுதல் இயலாதாயிற்று.

நாலு மாதங் கழித்து, 1798 ஜூனில், சரபோசி தஞ்சைக்கு மன்னரானார். அவர் கிறிஸ்தவராகவில்லை, ஐயரை மறக்கவுமில்லை. கல்லறைக்கென்று தாமே ஆங்கிலத்தில் செய்யுள் இயற்றினார்; இங்கிலாந்தில் பிளாக்ஸ்மன் என்னும் சிற்பியைக் கொண்டு சலவைக்கல்லில் ஒரு நினைவுச்சின்னம் செய்வித்தார். சிவகங்கைக் குளத்தருகே ஐயர் 1779இல் கட்டிய ஆலயத்தில் அதனைக் காணலாம். படுக்கையில் ஐயர் கிடக்கிறார். தலைமாட்டில் கெரிக்கே நிற்கிறார். சரபோசி குனிந்து, தமக்குத் தந்தையானவரின் கையைப் பற்றிக்கொண்டிருக்கிறார்.