கைவினைஞர்களுடன் அமர்ந்த கணித அறிஞர் அபுல் வஃபா

நமது பிள்ளைகள் பாடசாலையில் தெசலாக்கம் என்றொரு பாடம் படிக்கிறார்கள். ஒரு தளத்தை இடைவெளி இல்லாமலும் ஒன்றன்மேல் ஒன்று படியாமலும் உருக்களால் நிரப்புவதே அது. தரையிலும் சுவரிலும் பதிக்கும் சிறு கல்லுக்கு லத்தீனில் வழங்கிய பெயரிலிருந்து வந்த சொல். கணிதச் சொல்தான், ஆனாலும் அது பிறந்த இடம் தொழிலாளியின் கை. அந்தக் கைகளுக்காகவே ஒரு நூல் எழுதியவர் அபுல் வஃபா அல்பூஸ்ஜானி.

ஹிஜ்ரி 328 (கி.பி. 940) ரமழானில் குராஸானின் பூஸ்ஜானில் பிறந்தார். சாச்சாவிடமும் மாமாவிடமும் கணக்குப் படித்து, 959இல் பக்தாத் வந்து, 998இல் அங்கேயே வபாத்தானார். 997இல் ஒரே சந்திர கிரகணத்தை அவர் பக்தாதிலும் அல்பிரூனி காத் நகரிலும் அவதானித்து, நேர வித்தியாசத்தால் இரு நகரங்களின் நெடுங்கோட்டு வேறுபாட்டைக் கணித்ததைப் பலரும் எழுதிவிட்டார்கள். கைவினைஞர்களுக்காக அவர் எழுதிய கேத்திரகணித நூலைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை.

அறிஞர்களும் கைவினைஞர்களும் கூடிய ஒரு சபையில் அவரும் இருந்தார். சம அளவான மூன்று சதுரங்களை வெட்டி ஒரே சதுரமாக்குவது எப்படி என்று கேள்வி எழுந்தது. அறிஞர்கள் பெரிய சதுரத்தின் பக்கத்தை வரைந்து காட்டினார்கள். எங்கே வெட்டுவது என்பது அதில் இல்லை. கைவினைஞர்கள் வெட்டியே காட்டினார்கள். பார்வைக்குச் சரி, அளவு பிழை. சிறு சதுரத்தின் பக்கம் 10 அங்குலமென்றால் பெரியதற்கு 17.32 அங்குலம் வேண்டும். அவர்களின் ஒரு முறையில் வந்தது 17.07. கால் அங்குலம்தானே எனலாம். ஒரு பள்ளிவாசல் சுவர் முழுதும் பதித்து முடிக்கும்போது அது எங்கே போய் நிற்கும்?

அபுல் வஃபா இரு தரப்பிலும் குறை கண்டார். கற்றவருக்குக் கைப்பழக்கம் இல்லை, தொழிலாளிக்கு நிறுவல் இல்லை. பிறகு தன் வழியைக் காட்டினார். இரண்டு சதுரங்களை மூலைவிட்டத்தில் வெட்டினால் நான்கு முக்கோணங்கள். மூன்றாவது சதுரத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்றின் நீண்ட பக்கத்தை, மூலையோடு மூலை பொருந்த, ஒரே திசையில் சுற்றி வைக்க வேண்டும். முக்கோணங்களின் செங்கோண உச்சிகளை நேர்கோடுகளால் இணைத்து, வெளியே துருத்தும் துண்டுகளை வெட்டினால் அவை உள்ளே எஞ்சும் வெற்றிடங்களில் அச்சொட்டாகப் பொருந்தும்.

பிள்ளைகளோடு செய்து பார்க்கக் கடதாசியும் கத்தரிக்கோலும் ஓர் அடிமட்டமும் போதும்.