பெரோஸ் காந்தி அமர்ந்த பின் வரிசை

சுருளிப்பட்டியிலிருந்து ஓர் அன்பர் நம்மைக் காண வந்திருந்தார். திராட்சைத் தோட்டம் உடையவர். தேர்தல் காலங்களில் கொடி பிடித்துக் கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களையெல்லாம் நடந்தே சுற்றியவர். டில்லி பார்லிமெண்டில் நம் பகுதியின் பிரதிநிதிகளாக இருந்தவர்கள் எந்தெந்த மசோதாவுக்கு எந்தப் பக்கம் வோட்டளித்தார்கள் என்று தேடிப் பார்த்தாராம். உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லையாம். ஊர் வாசகசாலையில் ஒட்டி வைப்பதற்கு அப்படியொரு பட்டியலை நாம் தயாரித்துத் தர வேண்டுமென்று கேட்டுக் கொண்டார்.

அவருடைய ஆவலை நாம் பெரிதும் மதிக்கிறோம். ஆயினும் அவர் கேட்ட பட்டியல் அவர் நினைக்கும் பயனைத் தராது என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. லோக சபையில் பெரும்பாலான விஷயங்கள் குரல் வோட்டினாலேயே முடிந்து விடுகின்றன. யாராவது வற்புறுத்திக் கேட்டாலன்றி, இன்னார் இப்பக்கம், இன்னார் அப்பக்கம் என்று பெயர்வாரியாகப் பதிவாவதில்லை. அப்படிப் பதிவாகிற சொற்ப சந்தர்ப்பங்களிலும் அங்கத்தினரின் சொந்த அபிப்பிராயம் தெரிந்து விடுவதில்லை. 1985ல் அரசியல் சட்டத்தின் 52வது திருத்தம் நிறைவேறிப் பத்தாவது அட்டவணை சேர்க்கப்பட்ட பிறகு, கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வோட்டளிப்பவர் தம் ஸ்தானத்தையே இழக்க நேரிடலாம். ஆகவே வோட்டுப் பட்டியல் என்பது கொறடாவின் மனத்தைக் காட்டும் கண்ணாடியேயன்றி அங்கத்தினரின் மனத்தைக் காட்டுவதன்று.

பின் எதைக் கொண்டு ஓர் அங்கத்தினரை எடை போடுவது என்று அன்பர் கேட்டார். சற்றுக் கோபமாகவே கேட்டார். அதற்கு விடையாக அவருக்கு ஒருவருடைய வாழ்க்கையைச் சொன்னோம். அதையே இங்கே சிறிது விரித்து எழுதுகிறோம்.

ஸ்ரீ பெரோஸ் காந்தி 1912 செப்டம்பர் 12ந் தேதி பம்பாயில் ஒரு பார்ஸி குடும்பத்தில் பிறந்தவர், அலகாபாத்தில் வளர்ந்தவர். 1930ல் மாணவராயிருக்கும்போதே சுதந்திரப் போரில் இறங்கிச் சிறை புகுந்தார். 1942 மார்ச்சில் ஜவஹர்லால் நேருவின் புதல்வி இந்திராவை மணந்தார். அவ்வாண்டு ஆகஸ்டுப் போராட்டத்துக்குப் பின் இருவரும் சிறையிலிருந்தார்கள். சிறையிலிருந்து மீண்ட சில ஆண்டுகளில் லக்னோவில் நேஷனல் ஹெரால்டு பத்திரிகையின் நிர்வாகத்தை ஏற்றார். பத்திரிகை நடத்துகிறவனுக்குக் காகித விலையும் அவதூறு வழக்கும் எப்படித் தூக்கத்தைக் கெடுக்கும் என்பதை அங்கே அவர் கற்றுக் கொண்டிருக்க வேண்டும். அந்தப் பாடம் பின்னால் தேசத்துக்கு உதவிற்று.

1952ல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் ரேபரேலிப் பகுதியிலிருந்து காங்கிரஸ் அங்கத்தினராக லோக சபைக்குச் சென்றார். 1957லும் ரேபரேலி அவரையே அனுப்பியது. பிரதம மந்திரியின் மாப்பிள்ளை என்றால் நம் நாட்டில் அதற்கு என்ன மரியாதை உண்டு என்பதை வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் மந்திரியாகவில்லை. உப மந்திரியாகவும் இல்லை. பின் வரிசையில் அமர்ந்தார். முதல் சில ஆண்டுகள் சபையில் அவர் குரல் அதிகமாகக் கேட்கவுமில்லை. பேசாத அங்கத்தினர் என்று அப்போது அவரை யாரேனும் ஒரு பட்டியலில் சேர்த்திருந்தால் அதில் தவறு காண முடியாது.

1955 டிசம்பர் 6ந் தேதி இன்ஷூரன்ஸ் திருத்த மசோதாவின் மீது அவர் எழுந்தார். டால்மியா குழுவினர் கையிலிருந்த பாரத் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பணம் எந்தெந்த வாய்க்கால் வழியாக எங்கெங்கே பாய்ந்தது என்பதைக் கணக்குப் புஸ்தகங்களையும் கம்பெனி அறிக்கைகளையும் வைத்துக்கொண்டு விவரித்தார். அதில் அலங்காரப் பிரசங்கம் கிடையாது. தொகை, தேதி, கம்பெனியின் பெயர், மறுபடியும் தொகை என்று ஒரு கணக்குப்பிள்ளை பேரேடு வாசிப்பது போல அந்தப் பேச்சு அமைந்தது. கேட்டவர்கள் அசந்து போனார்கள். ஆறு வாரங்கள் கழித்து, 1956 ஜனவரி 19ந் தேதி, ஆயுள் இன்ஷூரன்ஸ் தொழிலைச் சர்க்கார் அவசரச் சட்டத்தின் மூலம் தம் வசமாக்கிக் கொண்டது. அப்போது நிதி மந்திரியாக இருந்தவர் ஸ்ரீ சிந்தாமண் தேஷ்முக். 245 கம்பெனிகளும் சங்கங்களும் ஒன்றாக்கப்பட்டு, அவ்வாண்டு செப்டம்பர் முதல் தேதி ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷன் பிறந்தது. ஒரே பேச்சினால் இது நடந்தது என்று நாம் சொல்லவில்லை. சர்க்காரின் உள்ளத்தில் அந்த யோசனை முன்பே இருந்தது. ஆனால் தேசியமாக்கம் ஏன் தேவை என்பதை ஜனங்கள் உணரும்படி செய்தவர்களில் பின் வரிசை அங்கத்தினர் ஒருவரும் இருந்தார். ஸ்ரீ ராமகிருஷ்ண டால்மியா பிற்பாடு வழக்கில் தண்டனை பெற்றுச் சிறை சென்றார்.

இனி அவருடைய மசோதா ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். வக்கீல் தொழிலும் பத்திரிகைத் தொழிலும் சேர்ந்து நம்மிடம் இருப்பதால், நமக்கு இதில் கொஞ்சம் அதிகப் பற்று உண்டு என்பதை ஒப்புக் கொள்கிறோம்.

பார்லிமெண்டில் ஓர் அங்கத்தினர் பேசுவதற்காக அவர் மீது எந்தக் கோர்ட்டிலும் வழக்குத் தொடர முடியாது. அரசியல் சட்டத்தின் 105வது விதி அந்தப் பாதுகாப்பை அளிக்கிறது. சபையின் அதிகாரத்தின் பேரில் வெளியாகும் அறிக்கைகளுக்கும் அதே பாதுகாப்பு உண்டு. ஆனால் அதே பேச்சை ஒரு பத்திரிகை மறுநாள் காலையில் தன் பொறுப்பில் அச்சிட்டால், அதற்கு இத்தகைய திட்டமான சட்டப் பாதுகாப்பு அந்நாளில் இருக்கவில்லை. பணக்காரர் ஒருவரின் ஊழலைச் சபையில் ஓர் அங்கத்தினர் பெயர் சொல்லிப் பேசுவார். பத்திரிகாசிரியரோ அவதூறு வழக்குக்கு அஞ்சி அந்தப் பெயரை அடித்து விடுவார். டில்லியில் பேசியது டில்லியின் சுவர்களுக்குள்ளேயே தங்கிவிடும். காலை பஸ்ஸில் பத்திரிகைக் கட்டு வந்து இறங்குவதை எதிர்பார்த்திருக்கும் கம்பம் பள்ளத்தாக்கின் விவசாயிக்கு அது எப்படிப் போய்ச் சேரும்?

இந்தக் குறையை நீக்க ஸ்ரீ பெரோஸ் காந்தி தனி அங்கத்தினர் மசோதா ஒன்றைக் கொண்டு வந்தார். பார்லிமெண்டு நடவடிக்கைகளைச் சாராம்சத்தில் உண்மையாக வெளியிடும் பத்திரிகை மீது, துவேஷத்துடன் வெளியிட்டதாக நிரூபித்தாலன்றி, சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ செல்லாது என்பதே அதன் சாரம். வெளியீடு பொது நன்மைக்காக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் உண்டு. 1956ல் அது சட்டமாயிற்று. தனி அங்கத்தினர் மசோதா சட்டமாவது எவ்வளவு அரிது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். சுதந்திர இந்தியாவில் அவ்விதம் நிறைவேறியவை பதினான்கே. கடைசியாக ஒன்று நிறைவேறியது 1970ல். அந்தப் பதினான்கில் ஒன்று இவருடையது.

அடுத்த வருஷமே அந்தச் சட்டத்துக்குப் பரீட்சை வந்தது. 1957 ஜூன் மாதக் கடைசியில் ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷன், கல்கத்தா வியாபாரி ஹரிதாஸ் முந்த்ராவின் ஆதிக்கத்திலிருந்த ஆறு கம்பெனிகளின் பங்குகளைச் சுமார் 1 கோடியே 24 லட்சம் ரூபாய்க்கு வாங்கிற்று. ஜெஸப், ரிச்சர்ட்ஸன் அண்டு கிரட்டாஸ், பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பொரேஷன் முதலியவை அவை. முந்த்ரா அப்போது கடனில் தத்தளித்துக் கொண்டிருந்தார். கார்ப்பொரேஷனுக்கு முதலீடு பற்றி யோசனை சொல்ல ஒரு கமிட்டி இருந்தது. அதனிடம் முன்கூட்டிக் கேட்கவில்லை. பங்குகள் சந்தையில் பொறுக்கி வாங்கப்பட்டவையும் அல்ல. முந்த்ராவிடமிருந்தே நேராக வாங்கப்பட்டவை. முழுகும் வியாபாரியைத் தூக்கி விடப் பாலிஸிதாரரின் பணம் கயிறாயிற்று. அந்தப் பணம் யாருடையது? நெல்லும் வாழையும் விற்று, வருஷந்தோறும் பிரீமியம் கட்டி, தமக்குப் பின் தம் பிள்ளைகளுக்கு ஒரு பிடிமானம் இருக்கட்டும் என்று எண்ணியவர்களுடையது.

முதலில் சபையில் கேள்விகள் எழுந்தன. மந்திரி தரப்புப் பதில்கள் வழுக்கலாக இருந்தன. டிசம்பர் 16ந் தேதி நடந்த விவாதத்தில் ஸ்ரீ பெரோஸ் காந்தி எழுந்து, எதிர்க் கட்சிக்காரர் எவரும் தாக்கியிராத வன்மையுடன் தம் சொந்தக் கட்சியின் நிதி இலாகாவைத் தாக்கினார். பழைய முறையேதான்: தேதி, விலை, அன்றைய சந்தை விலை, கொடுத்த தொகை. பத்திரிகைகள் பேச்சை அச்சிட்டன. இம்முறை பெயர்களை அடிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. சர்க்கார் பம்பாய் ஹைகோர்ட்டின் பிரதம நீதிபதி ஸ்ரீ எம். ஸி. சாக்ளாவை விசாரணைக் கமிஷனாக நியமித்தது. பம்பாயில் பகிரங்கமாக விசாரணை நடந்தது. கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி வைத்தார்கள். நிதி மந்திரியும் சாட்சிக் கூண்டுக்கு வந்தார். இலாகாவின் தலைமைக் காரியதரிசி ஸ்ரீ எச். எம். பட்டேலும் வந்தார். ஒரு மாதத்துக்குள்ளாகவே, 1958 பிப்ரவரியில், அறிக்கை வெளிவந்துவிட்டது. காரியதரிசி செய்ததற்கு மந்திரி அரசியல் சட்ட ரீதியில் பொறுப்பாளி என்று ஸ்ரீ சாக்ளா முடிவு செய்தார். மந்திரி ராஜீனாமாச் செய்தார். அவ்வருஷத்து வரவு செலவுத் திட்டத்தைப் பிரதம மந்திரி நேருவே சபையில் சமர்ப்பிக்க நேர்ந்தது. முந்த்ரா சிறை சென்றார்.

அந்த நிதி மந்திரி தமிழர். சென்னையின் பிரதிநிதியான ஸ்ரீ டி. டி. கிருஷ்ணமாச்சாரி. அரசியல் சட்டத்தை வரைந்த கமிட்டியில் உழைத்தவர், கூர்த்த மதியுடையவர். அவர் தம் கைக்கு ஒரு காசு வாங்கினார் என்று யாரும் நிரூபிக்கவில்லை. வடக்கத்தியார் சேர்ந்து நம்மவரைக் கவிழ்த்து விட்டார்கள் என்று அக்காலத்தில் இங்கே மனம் புழுங்கியவர்கள் உண்டு. இன்றும் முதியவர்கள் சிலர் அப்படிச் சொல்லக் கேட்கிறோம். அந்த வருத்தம் நமக்குப் புரிகிறது. ஆனால் அதை நாம் ஏற்பதற்கில்லை. பாலிஸிதாரர்களில் தமிழர்களும் உண்டு. மேலும், ஸ்ரீ கிருஷ்ணமாச்சாரி நாலே வருஷங்களில், 1962ல், மந்திரி சபைக்குத் திரும்பினார். மறு வருஷம் நிதி இலாகாவும் அவரிடமே வந்தது. பொறுப்பேற்று விலகியது அவருக்கு இழுக்காக முடியவில்லை என்பதே நம் கட்சி.

இத்தனையும் நடந்தது எந்த வோட்டினால்? ஒரு வோட்டினாலும் அன்று. லோக சபையில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் முதன்முதலாகக் கொண்டு வரப்பட்டதே 1963 ஆகஸ்டில்தான். அதற்குள் ஸ்ரீ பெரோஸ் காந்தி காலமாகி மூன்று வருஷங்கள் ஆகிவிட்டன. அவர் கட்சியை விட்டு விலகினவரல்லர். மாமனாரின் சர்க்காரைக் கவிழ்க்க எழுந்தவருமல்லர். வோட்டுக் கணக்கை மட்டும் பார்க்கிறவர் அவரைச் சாமானியக் காங்கிரஸ்காரர் நூற்றுக்கணக்கானோரில் ஒருவராகவே காண்பார்.

மற்றச் செயல்களைச் சுருக்கமாகச் சொல்கிறோம். ரெயில் எஞ்ஜின்களுக்கு டாட்டாவின் டெல்கோ கம்பெனி அதிக விலை வாங்குகிறதென்று வாதாடி, அதைத் தேசியமாக்க வேண்டுமென்றார். தம் சொந்தச் சமூகமான பார்ஸிகளே இதற்காக அவரிடம் முகஞ் சுளித்தார்கள். 1959ல் கேரளத்துக் கம்யூனிஸ்டு மந்திரி சபையை நீக்கும் யோசனையைக் கட்சிக்குள் எதிர்த்தார். அவ்வாண்டு காங்கிரஸின் தலைவராக இருந்தவர் அவருடைய மனைவியேதான். வீட்டிலும் கட்சியிலும் அவர் எவ்வளவு தனித்துப் போயிருப்பார் என்பதை ஊகித்துக் கொள்ளலாம். குடும்ப விஷயத்தில் அதற்கு மேல் புகுவது நம் வழக்கமன்று.

இருதய நோய் அவரை விடவில்லை. 1960 செப்டம்பர் 8ந் தேதி டில்லியில், அப்போது வில்லிங்டன் ஆஸ்பத்திரி என்று வழங்கிய இடத்தில் உயிர் நீத்தார். நாற்பத்தெட்டு வயது நிறைய இன்னும் நான்கு நாட்கள் இருந்தன.

அவர் இயற்றிய சட்டத்தின் கதை அத்துடன் முடியவில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில், 1975 டிசம்பரில், அதை ஓர் அவசரச் சட்டம் ரத்துச் செய்தது. அப்போது பிரதம மந்திரி ஸ்ரீமதி இந்திரா காந்தி. 1977ல் புதிய சர்க்கார் வந்ததும் பார்லிமெண்டு அதை மீண்டும் இயற்றிற்று. மறு வருஷம் 44வது திருத்தத்தின் மூலம் அது 361அ என்ற விதியாக அரசியல் சட்டத்திலேயே ஏறியது. ராஜ்யங்களின் சட்டசபைகளுக்கும் அந்தப் பாதுகாப்பு விரிந்தது. கம்பம் தொகுதியின் அங்கத்தினர் சென்னைச் சட்டசபையில் ஒரு கேள்வி கேட்டு, அதில் யார் பெயரேனும் அடிபட்டால், அதை நாம் அடிக்காமல் அச்சிடுவது இந்த விதியின் பலத்தில்தான். சுருளிப்பட்டி அன்பரிடம், வோட்டுப் பட்டியல் வேண்டாம், கேள்விகளின் பட்டியல் எடுங்கள், பதில்களையும் பக்கத்தில் எழுதுங்கள் என்று சொல்லி அனுப்பினோம். எழுதிக்கொண்டு வந்தால் இதே பக்கத்தில் இடம் தருவதாகவும் வாக்களித்திருக்கிறோம்.