பாதை மாறிய சாக்ஸபோன்

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 1936-ம் ஆண்டு ஜூலை 13-ந் தேதி பிறந்தவர் ஆல்பர்ட் அய்லர். சிறு வயதிலேயே தந்தையிடம் சாக்ஸபோன் கற்றார். தேவாலயத்தில் இருவரும் சேர்ந்து வாசிப்பது வழக்கம். பள்ளிப் பருவத்தில், கோடை விடுமுறைகளில் மவுத்ஆர்கன் வித்வான் லிட்டில் வால்ட்டரின் புளூஸ் குழுவோடு ஊர் ஊராகச் சென்றார்.

பட்டாளத்தில் சேர்ந்து பிரான்சில் பணிபுரிந்தார். பின்னர், தாளக்கட்டையும் சுரக்கட்டையும் உதறிய 'ஃப்ரீ ஜாஸ்' இசையில் இறங்கினார். 1964-ல் பதிவான 'ஸ்பிரிச்சுவல் யூனிட்டி' இசைத்தட்டு அவருக்குப் பெரும் பெயர் தந்தது. பணம்தான் வரவில்லை. 1967-ல் சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேன் மறைந்தபோது, இறுதிச் சடங்கில் வாசித்தவர்களில் அய்லரும் ஒருவர்.

கோல்ட்ரேனின் இசைத்தட்டுகளை வெளியிட்ட 'இம்பல்ஸ்' கம்பெனிக்காக 1968 செப்டம்பரில் 'நியூ கிராஸ்' பதிவானது. ரிதம் அண்டு புளூஸ் தாளம், பெர்னார்ட் பர்டியின் டிரம்ஸ், பின்பாட்டு எல்லாம் அதில் உண்டு. அய்லரே பாடவும் செய்தார். பாடல்களை எழுதுவதில் துணை நின்றவர் தோழி மேரி பார்க்ஸ்.

விமர்சகர்கள் முகம் சுளித்தனர். காசுக்காக மாறிவிட்டார் என்றனர் சிலர். கம்பெனியின் நெருக்கடி என்றனர் வேறு சிலர். புதிய ரசிகர்களும் திரண்டு வரவில்லை. ஆனால் தேவாலயமும் புளூசும் அய்லருக்குப் பிள்ளைப் பிராயத்துச் சொத்து என்பதை அன்று நினைத்துப் பார்த்தவர்கள் குறைவு.

1970 ஜூலையில் தெற்கு பிரான்சில் பழையபடி வாசித்து பலத்த கைதட்டல் பெற்றார். அதே ஆண்டு நவம்பர் 25-ந் தேதி நியூயார்க்கின் ஈஸ்ட் ஆற்றில் அவர் உடல் மிதந்தது. அப்போது வயது 34.